மாதம் எவ்வளவு வந்தால் சிங்கப்பூரில் நிம்மதியாக இருக்கலாம்? ஈசூனா, தெம்பனிஸா, தேக்காவா?

கோவைக்காரன்:
வணக்கம். சாங்கி பிசினஸ் பார்க்கில் உள்ள ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் மாதம் 7,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி. மனைவியும் ஆறு வயது மகளும் கூட வருவார்கள். மனைவி இப்போதைக்கு வேலைக்குப் போவதாக இல்லை. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் பெரிய தொகையாகத்தான் தெரிகிறது. ஆனால் அங்கே இருக்கும் நண்பன், "கையில் ஒன்றும் நிற்காதுடா, யோசித்து வா" என்கிறான். ஏரியாவுக்கு ஏரியா செலவு எவ்வளவு மாறும்? லிட்டில் இந்தியா பக்கம் சாமான் மலிவு என்கிறார்களே, அங்கேயே வீடு பார்த்துவிடலாமா?

ஈசூன்வாசி:
வாழ்த்துகள். இங்கே பேட்டைக்குப் பேட்டை மாறுவது வாடகை மட்டும்தான். அரிசி, பருப்பு, மின்சாரம், பேருந்துக் கட்டணம் எல்லாம் தீவு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். காப்பிக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நாற்பது ஐம்பது காசு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தையில் ஆட்டுக்கறியும் முருங்கைக்கீரையும் வாங்க வாரம் ஒரு தடவை ரயிலேறிப் போனால் போதும், அதற்காக அங்கேயே குடியிருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே சிராங்கூன் ரோட்டுக் கூட்டத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள், அந்த ஆசையே போய்விடும்.

வாடகை நானறிந்த வரை இப்படி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அரசு அடுக்குமாடி) நாலறை வீடு முழுதாக எடுத்தால் உட்லண்ட்ஸ், ஈசூன், செம்பவாங், சுவா சூ காங் பக்கம் 3,000 முதல் 3,400 வெள்ளி. தெம்பனிஸ், பிடோக், செங்காங், பொங்கோல் என்றால் அதைவிட இருநூறு முந்நூறு கூடும். தோ பாயோ, குவீன்ஸ்டவுன், தஞ்சோங் பகார் எல்லாம் 4,000ஐ ஒட்டி, அதற்கு மேலும். மூவறை வீட்டில் நானூறு ஐந்நூறு குறையும். இங்கே கூடத்தையும் ஓர் அறையாகக் கணக்கு வைப்பார்கள், அதனால் மூவறை என்றால் படுக்கையறை இரண்டுதான். உங்கள் மூன்று பேருக்கு அது தாராளம்.

கணக்குப்பிள்ளை:
கோவைக்காரருக்கு ஒரு உத்தேசக் கணக்கு போட்டுத் தருகிறேன். சிமெய் அல்லது தெம்பனிஸில் பழைய மூவறை வீடு 2,800. மகளுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி என்றால் 1,500 வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சமையல், வாரத்தில் இரண்டு நாள் வெளியே சாப்பாடு எல்லாம் சேர்த்து 900. தண்ணீர், மின்சாரம், எரிவாயு 180, ஏசி ராத்திரி முழுக்க ஓடினால் இன்னும் ஏறும். தொலைபேசி, இணையம் 80. மூன்று பேர் போக்குவரத்து 250. ஊருக்கு அனுப்ப 500. வருமான வரியை மனைவி, பிள்ளைக்கான கழிவு போக மாதத்துக்குப் பிரித்தால் 280 வரும். மொத்தம் 6,490. மிச்சம் 710.

அந்த 710க்குள்தான் பல் வலி, தீபாவளித் துணி, மூன்று பேருக்கு விமானச் சீட்டு எல்லாம் அடங்க வேண்டும். ஓட்டலாம். ஆனால் "கையில் நிற்காது" என்று உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை.

இன்னொன்று. உங்களுக்கு மசேநி கிடையாது. மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். 55 வயது வரை சம்பளத்தில் 20 விழுக்காடு நாங்கள் கட்டுகிறோம், முதலாளி 17 விழுக்காடு போடுகிறார். 7,200 வாங்கும் சிங்கப்பூரர் வீட்டுக்குக் கொண்டுபோவது 5,760தான், ஆனால் அவர் பெயரில் மாதம் 2,664 வெள்ளி சேர்கிறது. ஆக, ஒரே சம்பளம் என்றாலும் அவர் கணக்கு வேறு, உங்கள் கணக்கு வேறு. அதனால் இந்த இழையில் யாராவது "எனக்கு 6,000 போதுமே" என்று சொன்னால், அவர் என்ன பாஸில் இருக்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கோவைக்காரன்:
பள்ளிக்கு 1,500ஆ? அரசுப் பள்ளியில் சேர்க்க முடியாதா?

செங்காங் அம்மா:
முயற்சி செய்யலாம். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலை ஒன்றில் (முதல் வகுப்பில்) கடைசிக் கட்டத்தில்தான் இடம், அதுவும் மிச்சம் இருந்தால்தான். கட்டணமும் எங்களுக்கு உள்ளதுபோல் சில்லறைக் காசு இல்லை. இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பொங்கோலிலும் சாய் சீயிலும் ஜூரோங் பக்கமும் இருக்கின்றன. உங்கள் அலுவலகத்துக்குச் சாய் சீ தோது. பள்ளியை முடிவு பண்ணிவிட்டு அதற்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். பள்ளிப் பேருந்துக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவார்கள், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒத்தை ரூம்:
7,200க்கே இவ்வளவு யோசனையா? நான் எஸ் பாஸ் என்ற இடைநிலை வேலை அனுமதியில் இருக்கிறேன், 3,400 வாங்குகிறேன். பூன் லேயில் ஒரு பொது அறை (குளியலறை பொதுவில்) 950 வெள்ளி. குடும்பத்தைக் கூட்டி வர வழியே இல்லை, குடும்பத்தாருக்கான டிபெண்டன்ட் பாஸுக்கு மாதச் சம்பளம் 6,000 இருக்க வேண்டும். ஊருக்கு 1,400 அனுப்புகிறேன். மீதி ஆயிரத்தில் தாராளமாகத்தான் இருக்கிறேன். தனி ஆளுக்குச் சிங்கப்பூர் ஒன்றும் பயங்கரம் இல்லை.

கஷ்டம் காசில் இல்லை, அறை கிடைப்பதில்தான். விளம்பரத்தில் "லைட் குக்கிங்" என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் வீட்டுக்கார அம்மா அடுப்பைக் காட்டி, "மேகி ஓகே, கறி நோ" என்பார். கடுகு தாளித்தால் வாடை கூடம் வரை வருமாம். இன்னொரு வீட்டில் மின் குக்கர் மட்டும் அனுமதி. அதையும் அறைக்குள் வைக்கக் கூடாது, பால்கனியில் வாஷிங் மெஷின் மேல் வைத்துச் சமைக்க வேண்டும். தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் "ரூம் போய்விட்டது" என்று சொன்னவர்கள் பலர், அதே விளம்பரம் மறுநாளும் அங்கேயே கிடக்கும். அதனால் நம் ஆட்கள் நம் ஆட்கள் வீட்டையே தேடிப் போகிறோம், அங்கே நூறு வெள்ளி கூட வாங்குகிறார்கள். இதையும் உங்கள் "ஏரியா செலவு" கணக்கில் சேருங்கள்.

ஈசூன்வாசி:
"நூறு வெள்ளி கூட வாங்குகிறார்கள்"

உண்மைதான். சமைக்கலாம், விருந்தாளி வரலாம் என்று விட்டால் நூறென்ன, நூற்றைம்பதுகூடக் கொடுக்க ஆள் இருக்கிறது.

மேல் கிழக்குக் கடற்கரை:
யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன். நிம்மதி என்றால் என்ன என்று முதலில் முடிவு பண்ணுங்கள். எங்கள் வீட்டில் ஒரு சம்பளம், 19,000 வெள்ளி. கொண்டோ (தனியார் அடுக்குமாடி) வாடகை 5,200. இரண்டு பிள்ளைகள் பள்ளி 3,800. பணிப்பெண் சம்பளமும் அரசுக்குக் கட்டும் 300 வெள்ளி தீர்வையும் உணவும் சேர்த்து ஆயிரத்து இருநூறுக்கு மேல். வரி, காப்புறுதி, ஊரில் அப்பா அம்மா மருத்துவம். கார் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. சின்னக் காருக்கே ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டிவிட்டது. மாதக் கடைசியில் மூவாயிரம் மிஞ்சினால் நல்ல மாதம். என்னைக் கேட்டால் குடும்பத்தோடு வருகிறவருக்கு 15,000க்குக் கீழே நிம்மதி இல்லை.

ஒத்தை ரூம்:
அண்ணே, மாதம் மூவாயிரம் மிஞ்சுவதைக் கஷ்டம் என்று எழுத ஒரு தைரியம் வேண்டும்.

சோங் பாங் பெரியவர்:
பிள்ளைகளா, நீங்கள் எல்லாரும் நேற்று வந்தவர்கள் மாதிரி பேசுகிறீர்கள். நான் செம்பவாங்கில் பிறந்தவன். அப்பா வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தார். 1971-ல் அவர்கள் போனபோது பாதித் தெருவே வேலையில்லாமல் நின்றது. எண்பதுகளில் வீவக மூவறை வீடு வாங்கினேன், கடன் எப்போதோ தீர்ந்தது. இன்றைக்கு எனக்கும் வீட்டுக்காரிக்கும் மசேநி லைஃப் ஓய்வூதியப் பணமும் மகன் கொடுப்பதும் சேர்த்து மாதம் 2,200 வருகிறது. அரசு பலதுறை மருந்தகத்தில் ஐம்பதுகளில் பிறந்த எங்களுக்கு மெர்டேக்கா தலைமுறைக் கழிவு. சோங் பாங் சந்தையில் காலையில் மீன். அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டு வந்தால் அரிசி, எண்ணெய் ஆகிவிடும். குறை ஒன்றுமில்லை.

அதே மாடியில் எதிர்வீட்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, ஐடி வேலை. அதே மூவறை, அதே லிஃப்ட், அதே சந்தை. அவர்கள் வாடகையே நான் மாதத்துக்குச் செலவழிப்பதைவிட அதிகம். அப்படியானால் சோங் பாங்கில் வாழ எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் எதைச் சொல்வது?

கணக்குப்பிள்ளை:
பெரியவர் சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். பேட்டையைவிட, வீடு எப்போது வாங்கினோம் என்பதுதான் கணக்கைத் தலைகீழாக்குகிறது.

ஆய்வு ஒன்றும் இருக்கிறது. ஆய்வாளர்கள் சாதாரண மக்களைக் குழுக்களாக உட்காரவைத்து, கௌரவமாக வாழ என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடச் சொல்லி, விலை கூட்டினார்கள். 2019-ல் வந்த முதல் அறிக்கையில், தனியாக வாழும் 65 வயதைத் தாண்டியவருக்கு மாதம் 1,379 வெள்ளி, வயதான தம்பதிக்கு 2,351. 2021-ல் வந்தது குடும்பங்களுக்கானது: பள்ளி வயதுப் பிள்ளைகள் இருவரோடு பெற்றோர் என்றால் 6,426, அதையே 2023-ல் விலைவாசிக்கேற்பத் திருத்தி 6,693 ஆக்கினார்கள். நிதி அமைச்சு 2021-லேயே மறுப்புச் சொன்னது. தனியார் வகுப்பு, வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாம் பட்டியலில் இருப்பதால் அது அடிப்படைத் தேவை இல்லை, மக்கள் ஆசைப்படுவது என்பது அவர்கள் வாதம். எனக்கு ஆய்வுதான் நியாயமாகப் படுகிறது. துணைப்பாட வகுப்பு ஆசை என்கிறவர் தொடக்கநிலை ஆறு படிக்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்க மாட்டார்.

ஆனால் கவனியுங்கள், அந்தத் தொகை வீவக வீட்டில் இருக்கும் சிங்கப்பூர்க் குடும்பத்துக்கு. வெளியாள் வாடகை, வெளியாள் பள்ளிக் கட்டணம் அதில் இல்லை.

செங்காங் அம்மா:
"வீடு எப்போது வாங்கினோம்"

எங்கே வாங்கினோம் என்பதும்தான், அதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். நாங்கள் இருவரும் குடிமக்கள், வயது நாற்பதை நெருங்குகிறது, ஆளுக்கு 6,000 சம்பளம் என்று வையுங்கள். வீட்டுக்கு எடுக்கக்கூடிய மசேநி சாதாரணக் கணக்கில் சம்பளத்தில் 21 விழுக்காடு, ஆளுக்கு 1,260, சேர்த்து 2,520 மாதா மாதம் விழுகிறது. உட்லண்ட்ஸில் மறுவிற்பனை நாலறை வீடு 540,000 என்றால், 75 விழுக்காடு வீவக கடன், 2.6 விழுக்காடு வட்டி, 25 வருடம்: தவணை சுமார் 1,840. முழுக்க மசேநியிலேயே போய்விடும், கைக்காசு ஒரு வெள்ளி வேண்டாம். அதே நாலறை குவீன்ஸ்டவுனில் 900,000 என்றால் தவணை 3,060. மசேநி போக மாதம் 540 கையிலிருந்து. அதோடு தவணை சம்பளத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, அதையும் வீவக 3 விழுக்காடு வட்டியில் போட்டுத்தான் பார்க்கும் என்பதால் குடும்ப வருமானம் சுமார் 10,670க்குக் கீழே இருந்தால் அந்தக் கடனே கிடைக்காது. 2024-ல் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீவக வீடுகள் பத்து லட்சத்துக்கு மேல் விலை போயின, பெரும்பாலும் நகரை ஒட்டிய பேட்டைகள்.

நாங்கள் செங்காங்கில் பிடிஓ (வீவகவிடமே நேரடியாகப் பதிந்து வாங்கும் புது வீடு) வாங்கினோம். அம்மா வீடு ஹவ்காங், பேருந்தில் பத்து நிமிடம். மகன் பாலர் பள்ளி விட்டதும் அங்கே போய்விடுவான், ராத்திரி ரசமும் பொரியலும் டப்பாவில் வரும். இதற்கு மாதம் எவ்வளவு என்று போடுவது? பணிப்பெண் வைக்காததே எங்களுக்கு ஆயிரம் மிச்சம். பாலர் பள்ளிக்கும் குடிமக்கள் பிள்ளைக்கு வேலைக்குப் போகும் அம்மா என்றால் 300 வெள்ளி அடிப்படை மானியம் உண்டு. என் அலுவலகத் தோழி நிரந்தரவாசி, பிள்ளை சிங்கப்பூரர் இல்லை. அவளுக்கு அந்த மானியம் கிடையாது, மாமியாரும் மதுரையில். என்னைவிட 1,500 அதிகம் வாங்குகிறாள், என்னைவிட இறுக்கமாக இருக்கிறாள்.

பொங்கோல் காத்திருப்பு:
வாங்குவது பற்றிப் பேச்சு வந்ததால் நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம். வீவக வீடுகளில் இனவாரி ஒதுக்கீடு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 முதல் இருக்கிறது. "இந்தியர், மற்றவர்" பிரிவுக்கு வட்டாரத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) 15 விழுக்காடு உச்சவரம்பு. அது நிறைந்துவிட்டால் அந்த புளோக்கில் இந்தியர் அல்லது மற்றவர் விற்கும் வீட்டைத்தான் நாம் வாங்கலாம். கோயில், இந்தியக் கடை, ரயில் எல்லாம் பக்கத்தில் உள்ள புளோக் பிடித்துப்போய் ஏஜென்டிடம் கேட்டால், "ஒதுக்கீடு முடிந்தது" என்பார். மிஞ்சுகிற ஒன்றிரண்டு இந்தியர் வீட்டுக்கு விலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபுறம், சீனர் ஒதுக்கீடு நிறைந்த புளோக்கில் வீடு வைத்திருக்கும் இந்தியர் சீனருக்கு விற்க முடியாது, வாங்க ஆள் குறைவு, விலையை இறக்க வேண்டிவரும். என் சித்தப்பா அப்படித்தான் பல மாதம் காத்திருந்து குறைத்து விற்றார். அதனால் "இந்தப் பேட்டையில் சராசரி விலை" என்று செய்தியில் வருவது நமக்கு அப்படியே பொருந்தாது.

வாடகைக்கும் ஒன்று உண்டு, கோவைக்காரர் குறித்துக்கொள்ளுங்கள். முழு வீட்டை மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு விட வட்டாரத்துக்கு 8, புளோக்குக்கு 11 விழுக்காடு என்று தனி வரம்பு. முன்பணம் கொடுக்கும் முன் வீட்டுக்காரரை வீவக தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலம் தாண்டி:
மலேசியர் என்றதும் ஞாபகம் வந்தது, நானும் இருக்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் மாடி வீடு, உட்லண்ட்ஸில் வேலை, சம்பளம் 3,800 வெள்ளி. ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அங்கே வீட்டுக் கடன், கார், பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி எல்லாம் போகச் சேமிக்கவும் முடிகிறது. காசுக்கணக்கில் இந்த இழையிலேயே நான்தான் பணக்காரன் என்று நினைக்கிறேன்.

ஆனால் காலை 4.30க்கு எழுந்து மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தில் நிற்பவனிடம் நிம்மதியைப் பற்றிக் கேட்காதீர்கள். மழை பெய்தால் பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்த்துக்கொண்டு, முன்னால் உள்ள லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளைகளை விழித்த நிலையில் பார்ப்பது சனி ஞாயிறில். ஜொகூரின் புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு எல்லை தாண்டும் ஆர்டிஎஸ் ரயில் வந்தால் ஐந்து நிமிடப் பயணம் என்கிறார்கள். வந்தால் ஜொகூரில் ரயிலடி வாடகையும் ஏறும், அதையும் பார்க்கத்தானே போகிறோம்.

மேல் கிழக்குக் கடற்கரை:
ஒத்தை ரூம் தம்பி, குத்திக் காட்டியது புரிந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வேலை போனால் பாஸ் ரத்தாகி முப்பது நாள்தான். எனக்கு வீவக வீடில்லை, மசேநி இல்லை. அந்த மூவாயிரம்தான் ஓய்வுக்காலம், அவசரம், எல்லாம். பெரியவருக்கு 2,200ல் நிம்மதி இருப்பது, வீட்டை விட்டு யாரும் போகச் சொல்ல மாட்டார்கள் என்பதால்.

சோங் பாங் பெரியவர்:
அது சரிதான் தம்பி. 99 வருடக் குத்தகை முடிகிறவரைக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது போதும்.

கோவைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. எல்லாம் படித்த பிறகு நிறுவனத்துக்கு எழுதினேன். அடிப்படைச் சம்பளத்தைக் கூட்ட முடியாதாம், ஆனால் முதல் மாதத் தங்குமிடமும் விமானச் சீட்டும் தருகிறார்கள், மகளின் பள்ளிச் சேர்க்கைக் கட்டணமும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்கள். முதல் ஆறு மாதம் நான் மட்டும் வந்து அறையில் தங்கி, மனைவியும் மகளும் இங்கே பள்ளி வருடத்தை முடித்துவிட்டு வரட்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சிமெயில் மூவறை ஒன்று விளம்பரத்தில் பார்த்தேன், 2,700. ஏஜென்ட் இப்போதே ஒரு மாத முன்பணம் அனுப்பினால் பிடித்துவைப்பதாகச் சொல்கிறார்.

கணக்குப்பிள்ளை:
அனுப்பாதீர்கள்! வீட்டைக் கண்ணால் பார்க்காமல் ஒரு காசு தரக் கூடாது. ஏஜென்டின் பதிவு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் சொத்து முகவை மன்றத்தின் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒப்பந்தம் போட்டபின் முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, 2,700க்கு இரண்டு வருடம் என்றால் 259 வெள்ளி சொச்சம், வழக்கமாக வாடகைக்காரர்தான் கட்டுவார். இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வைப்புத்தொகை கேட்பார்கள், அந்த 5,400ஐ வரும்போதே கையோடு கொண்டுவர வேண்டும். வேலை போனாலோ இடமாற்றம் ஆனாலோ ஒரு வருடத்துக்குப் பின் நோட்டீஸ் கொடுத்து வெளியேறும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒத்தை ரூம்:
அந்த ஆறு மாதத்துக்கு அறை வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். பிடோக்கில் என் நண்பன் வீட்டில் அடுத்த மாதம் ஒரு அறை காலியாகிறது. 1,000 வெள்ளி, தாளிக்கலாம்.